ஓஸ் சப்பையாகிறதா?

சென்னிமலைப் பக்கம் மஞ்சள் காட்டில் ஒருவர் காலில் மம்பட்டி பட்டுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். "இதுக்குப் போயி ஆஸ்பத்திரியாங்க?" என்று மஞ்சளை அப்பிக்கொண்டு நாலு நாள் ஓட்டிவிட்டார். ஐந்தாம் நாள் குளிர்காய்ச்சல், மூச்சிரைப்பு, பேச்சில் குழறல். அவசரப் பிரிவில் ரத்த அழுத்தம் பார்த்தால் மேல் எண்ணே 80தான். இதுதான் செப்சிஸ்: கிருமியோடு போராடப் போன உடம்பு தன் உறுப்புகளையே கெடுத்துக்கொள்கிறது. ரத்தக் குழாய்கள் தளர்ந்து அகல்கின்றன, நீரும் வெளியே கசிகிறது.

ஆன்டிபயாடிக் தாமதிக்கக் கூடாது. குழப்பம் 'குளுக்கோஸ்' பாட்டிலில்தான். (நம்மூரில் எல்லாமே குளுக்கோஸ், உள்ளே இருப்பது பெரும்பாலும் உப்பு நீர்.) கிலோவுக்கு 30 மி.லி., முதல் 3 மணி நேரத்துக்குள் என்பது பொதுக் கணக்கு. 60 கிலோ ஆளுக்கு 1800 மி.லி. சரி, அதற்கு மேல்? இன்னொரு பாட்டில் அழுத்தத்தை ஏற்றலாம், நுரையீரலில் நீர் கோக்கவும் செய்யலாம்.

இங்கேதான் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் (காதுக்குக் கேட்காத ஒலியை அனுப்பி உள்ளே பார்ப்பது) உதவுகிறது. நெஞ்செலும்புக்குக் கீழே கருவியை வைத்தால், கல்லீரலை ஒட்டி இதயத்துக்குப் போகும் பெரிய சிரை தெரியும். காட்டுக்குத் தண்ணீர் பாய்ச்சும் ஓஸ் மாதிரி மெல்லிய சுவர். தண்ணீர் குறைந்தால் சப்பையாகும். மூச்சை இழுக்கும்போது இன்னும் ஒடுங்கும். விட்டம் 2.1 செ.மீ.க்குள் இருந்து, பாதிக்கு மேல் சுருங்கினால் இதயத்தின் வலப்புற அழுத்தம் குறைவு. இன்னும் நீர் கொடுக்க இடமிருக்கலாம். இதை மட்டும் நம்பி முடிவெடுக்க முடியாது. வென்டிலேட்டரில் இருப்பவருக்கு இந்தக் கணக்கே மாறிவிடும்.

அப்புறம் நுரையீரல். காற்றுக்குள் இந்த ஒலி நுழையாது, அதனால் நல்ல நுரையீரல் படுக்கைக் கோடுகளாகத் தெரியும். நீர் சேர்ந்தால் மேலிருந்து திரையின் அடிவரை வெள்ளைக் கோடுகள் இறங்கி, மூச்சோடு சேர்ந்து ஆடும்.

ஒருமுறை பார்த்தால் போதாது, ஒவ்வொரு பாட்டிலுக்குப் பிறகும் பார்க்க வேண்டும். டாக்டர் நாலு கட்டிலுக்கு ஓடுகிறார். பக்கத்திலேயே நிற்பவர் நர்ஸ்தான். வெளிநாடுகள் சிலவற்றில் பயிற்சி பெற்ற நர்ஸ்களே பார்த்துச் சொல்கிறார்கள், முடிவை டாக்டர் எடுக்கிறார். இங்கே 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி தகுதி பெற்ற டாக்டர்கள்தான் ஸ்கேன் செய்யலாம். கருவிலிருப்பது பெண்ணா என்று பார்ப்பதைத் தடுக்க வந்த சட்டம். 1992இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்க வேண்டியிருந்த மண்ணில், அதைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஸ்கேன் கைக்கு வராத நர்ஸிடம், ரத்தம் விரல் நுனிவரை சரியாகப் போகிறதா என்று பார்க்க இன்னொரு வழி இருக்கிறது. விரல் நுனியைப் 10 நொடி அழுத்திவிட்டு எண்ணுகிறார். வெளுத்த இடம் 3 நொடிக்குள் சிவக்கவில்லை என்றால் டாக்டரைக் கூப்பிடுகிறார்.