கிலோமீட்டர் கம்மி என்று மட்டும் சொல்லாதீர்கள்

"அண்ணே, வண்டி வெறும் 28,000தான் ஓடியிருக்கு." இந்த வரியைக் கேட்டாலே இப்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வருகிறது. போன வாரம் ரெக்கவரி வண்டியில் ஏறி எங்கள் மாதவரம் ஷெட்டுக்கு வந்த இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் காருக்கும் இதே வசனம்தான். வாங்கியவர் தண்டையார்பேட்டைத் தம்பி, துறைமுகத்தில் கிளியரிங் வேலை. தினமும் வேலைக்கு ஓட்டிப் போகவென்றே வாங்கியிருக்கிறார். பன்னிரண்டு வருட வண்டி, டெல்லிப் பதிவு. லிஃப்டில் ஏற்றிப் பார்த்தால் கியர்பாக்ஸ் அவுட், கூலன்ட் டேங்க்கில் விரிசல், நாலு டயரும் கல் மாதிரி. எஸ்டிமேட்டைப் பார்த்தவர் கேட்ட முதல் கேள்வி, "ஆனா கிலோமீட்டர் கம்மிதானே அண்ணே?"

கம்மிதான். அதுதான் பிரச்சினையே.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பன்னிரண்டு வருடத்தில் 28,000 என்றால் மாதம் 200 கிலோமீட்டர்கூட வரவில்லை. பெரும்பாலான நாள் கவர் போட்டு நின்றிருக்கிறது. நிற்கிற வண்டி புதிதாகவே இருக்கும் என்று உங்களுக்கு யார் சொன்னது? ரப்பர் சீல்கள் காய்ந்து ஆயில் கசியும். பிரேக் ஆயில், வண்டி ஓடினாலும் நின்றாலும் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய சாமான் அது. கூலன்ட் போகிற பிளாஸ்டிக் பாகங்கள் வயதாக ஆக நொறுங்கும். மாதம் ஒருமுறை ஓனர் ஸ்டார்ட் பண்ணி, பத்து நிமிடம் உறும விட்டு, வீடியோ எடுத்துக்கொண்டு அணைத்திருப்பார். ஆயில் முழுச் சூட்டுக்கு வராததால் ஈரமும் பெட்ரோலும் அதிலேயே தங்கிவிடும். எலி வயரிங்கைக் கடிப்பது தனிக் கதை.

டயரையும் அப்படித்தான் பார்க்கிறார்கள். பட்டன், அதாவது டயர் மேலுள்ள வரிப்பள்ளம், ஆழமாக இருக்கிறது, புது டயர் என்று சந்தோஷப்படுவது. ரப்பர் இறுகிப்போன டயரில் பட்டன் இருந்து என்ன, ஈர ரோட்டில் பிரேக் அடித்தால் வழுக்கிக்கொண்டு போகும். டயர் பக்கவாட்டில் டி.ஓ.டி. என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு எண்களைப் பாருங்கள். 2318 என்றால் 2018ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்த டயர். ஆறு வருடம் தாண்டியிருந்தால் புது செட் விலையைக் கழித்துவிட்டுப் பேரம் பேசுங்கள்.

இதெல்லாம் அந்த 28,000 உண்மையாக இருந்தால். மீட்டரைக் குறைப்பது பெரிய வித்தை இல்லை. ஆனால் டயலில் குறைப்பவர்கள் பல நேரம் மற்ற கம்ப்யூட்டர்களை மறந்துவிடுவார்கள். கோளாறு பதிவாகும்போது அது எத்தனையாவது கிலோமீட்டரில் வந்தது என்பதையும் சேர்த்துக் குறித்துவைக்கும் வண்டிகள் உண்டு. மீட்டரில் 28,000, கியர்பாக்ஸ் கம்ப்யூட்டரில் 71,000 என்றால் யாரை நம்புவீர்கள்? ஸ்கேனர் இல்லாவிட்டால் பெடல் ரப்பரையும் டிரைவர் சீட்டின் கதவுப் பக்கத் தையலையும் பாருங்கள், ஓரளவு விளங்கிவிடும். என்னைக் கேட்டால், பில்லோடு சர்வீஸ் பார்த்து 90,000 ஓடிய வண்டியை யோசிக்காமல் எடுப்பேன்.

சரி, வண்டி நல்ல வண்டி என்றே வைத்துக்கொள்வோம். நீங்கள் ஓட்டப்போவது எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டிலும் மணலி சாலையிலும். ஹார்பருக்குப் போகும் கன்டெய்னர் லாரி வரிசைக்குப் பின்னால், ஏப்ரல் வெயிலில், அங்குலம் அங்குலமாக நகரப்போகிறீர்கள். டூயல் கிளட்ச் கியர்பாக்ஸுக்கு இதைவிடக் கொடுமை கிடையாது. ஆட்டோமேட்டிக் மாதிரி தெரிந்தாலும் உள்ளே இருப்பது கிளட்ச் பிளேட்டுதான். ஊர்ந்து போகும்போதெல்லாம் அது பாதி பிடித்தும் பிடிக்காமலும் தேய்ந்து சூடாகும். முன்னால் இடம் விட்டு, சேர்ந்தாற்போல் நகருங்கள். நின்றால் நியூட்ரல் போடுங்கள். இன்னொன்று, ஆயிலில் ஓடும் ஆறு கியர் வகையில் பலவற்றுக்கு 60,000 கிலோமீட்டரில் கியர் ஆயிலும் ஃபில்டரும் மாற்ற வேண்டும். "லைஃப் டைம் ஆயில், தொட வேண்டாம்" என்று புரோக்கர் சொன்னால் யாருடைய லைஃப் என்று கேளுங்கள்.

வேகத்தடைக்கு விதிப்படி 10 சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம். நம் தெருக்களில் ராத்திரியோடு ராத்திரியாகப் போட்ட மேட்டை அளந்து பார்த்தவர் உண்டா? இந்தியாவில் விற்ற ஃபோர்டு மஸ்டாங் ஸ்போர்ட்ஸ் காருக்கே கிரவுண்ட் கிளியரன்ஸ், அதாவது தரைக்கும் வண்டி அடிக்கும் உள்ள இடைவெளி, சுமார் 137 மில்லிமீட்டர்தான். சில கார்கள் அதைவிடத் தாழ்வு. வாங்குவதற்கு முன் உங்கள் வீட்டுத் தெருவிலிருந்து ஆபீஸ் வரை அந்த வண்டியிலேயே ஒருமுறை போய் வாருங்கள். அடி தட்டினால் வேண்டாம்.

அப்புறம் தண்ணீர். கணேசபுரம் சுரங்கப்பாதையில் மழைக்குத் தண்ணீர் நிற்பது நமக்கென்ன புதுசா. இந்த வண்டிகள் பலவற்றில் காற்று இழுக்கும் வாய் தாழ்வாக இருக்கும். தண்ணீர் உள்ளே போய் பிஸ்டன் அழுத்தினால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். நின்றுபோன வண்டியைத் தண்ணீரில் வைத்து மறுபடி ஸ்டார்ட் பண்ணாதீர்கள், தயவுசெய்து. இன்ஜின் பாதுகாப்பு என்று தனியாகச் சேர்க்காத இன்ஷூரன்ஸ் பாலிசியில் அந்தச் செலவு வராது.

ஏற்கெனவே மூழ்கிய வண்டியை உங்கள் தலையில் கட்டுவதும் நடக்கும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் இங்கே எத்தனை கார் மூழ்கியது என்று நினைத்துப் பாருங்கள். சீட் பெல்ட்டை முழுக்க வெளியே இழுங்கள், கடைசி அடியில் சேற்றுக் கறை இருக்கும். சீட் தண்டவாளத்தின் போல்ட்டில் துரு, டிக்கியில் ஸ்டெப்னி குழியில் மண், ஏசி போட்டதும் முடை நாற்றம், இதில் ஏதாவது ஒன்று இருந்தாலும் கிளம்பிவிடுங்கள். மழையில் மூழ்காமலேயே ஈரமாகும் வண்டியும் உண்டு. கூரை மடங்கும் பழைய போர்ஷே பாக்ஸ்டரில் கூரைத் தண்ணீர் வடியும் துளை அடைத்தால், சீட்டுக்கு அடியில் இருக்கும் கம்ப்யூட்டர் நனையும், சாவி இருந்தும் வண்டி கிளம்பாது. கடலோர உப்புக் காற்றுக்கு வண்டி அடியைக் கழுவுவதையும் வழக்கமாக்குங்கள்.

டெல்லி வண்டி ஏன் மலிவு? 10 வருட டீசலுக்கும் 15 வருட பெட்ரோலுக்கும் அங்கே வந்த கட்டுப்பாடுகளால் விலை இறங்கியது. இங்கே கொண்டுவந்தால் அங்கே வாங்க வேண்டிய தடையில்லாச் சான்று (என்.ஓ.சி.), தமிழ்நாட்டு ஆயுள் வரி, மறுபதிவு எல்லாம் உங்கள் செலவு. அதையும் கூட்டிப் பார்த்தால் மலிவு எவ்வளவு மிஞ்சும்? ஆர்.சி.யில் பேங்க் கடன் நிற்கிறதா, பாக்கிச் செலான் இருக்கிறதா என்பதையும் அரசாங்கத்தின் பரிவாகன் இணையதளத்தில் முன்பே பாருங்கள். பழைய பாலிசியில் நோ கிளெய்ம் போனஸ், அதாவது இன்ஷூரன்ஸ் பணம் கேட்காததற்குத் தரும் தள்ளுபடி, பூஜ்யம் என்றால் ஏன் என்று கேளுங்கள், பதில் சொல்லும் முகத்தையும் கவனியுங்கள்.

வாங்கியே தீருவேன் என்கிற தம்பிகளே, உங்களைத் தடுக்க நான் யார். எனக்கும் அந்தச் சத்தம் பிடிக்கும். வண்டி விலையில் கால் பங்கைத் தனியாகக் கையில் வையுங்கள், முதல் வருடத்திலேயே தேவைப்படும். வேலைக்குப் போக ஒரு பைக்காவது வீட்டில் இருக்கட்டும். பார்ட்ஸ் வெளிநாட்டிலிருந்து வரும்வரை வண்டி ஷெட்டில்தான் நிற்கும். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் லிஃப்டில் ஏற்றி அடியைக் காட்டுங்கள். எங்கள் ஷெட்டுக்குத்தான் வர வேண்டும் என்றில்லை, விற்பவருக்குத் தெரியாத மெக்கானிக்காக இருந்தால் போதும். லிஃப்டில் ஏற்ற விடமாட்டேன் என்று ஓனர் சொன்னால் ஒரு கும்பிடு போட்டுவிட்டு அடுத்த வண்டியைப் பார்க்கப் போங்கள்.