கை ஆடட்டும், டிரிகரைக் கவனியுங்கள்: ஏர் பிஸ்டல் பழகத் தொடங்கியவர்களுக்கு

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் (காற்றழுத்தத்தால் சுடும் கைத்துப்பாக்கி) வெண்கலம் வென்றார். இரண்டே நாளில் சரப்ஜோத் சிங்குடன் சேர்ந்து கலப்பு அணிப் பிரிவில் இன்னொரு வெண்கலமும் வாங்கினார். அதற்குப் பிறகு துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்கு வருபவர்களின் முகமே மாறியிருக்கிறது. முன்பெல்லாம் பள்ளி, கல்லூரிப் பிள்ளைகள்தான் அதிகம். இப்போது வங்கி ஊழியர்கள், ஐடி வேலையில் இருப்பவர்கள், மகளைச் சேர்க்க வந்து தானும் சேர்ந்துகொண்ட அம்மாக்கள் என்று பலரும் வருகிறார்கள். பதக்கக் கனவு எல்லோருக்கும் இல்லை. வாரம் இரண்டு நாள் நிம்மதியாகச் சுட வேண்டும், போகப் போக ஸ்கோர் கொஞ்சம் ஏற வேண்டும், அவ்வளவுதான். பயிற்சியாளராக எனக்கு இவர்களைப் பிடிக்கும். இவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

எல்லோரும் முதல் சில வாரங்களில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “சார், கை ஆடுது. எப்படி நிறுத்துறது?”

நிறுத்த முடியாது. ஒலிம்பிக் வீரர்களுக்கும் கை ஆடும், நம்மைவிடக் குறைவாக ஆடும், அவ்வளவே. உயிருள்ள உடம்பு அசையத்தான் செய்யும். ஆனால் உங்கள் குண்டு பத்து மதிப்பெண் வட்டத்தை விட்டு ஏழுக்கும் ஆறுக்கும் போவதற்குக் காரணம் அந்த ஆட்டம் இல்லை. இதை முதல் நாளே புரிந்துகொண்டால் பல மாத வீண் உழைப்பு மிச்சமாகும்.

கணக்கைப் பாருங்கள். 10 மீட்டர் ஏர் பிஸ்டல் டார்கெட்டில் கறுப்பு வட்டத்தின் விட்டம் 59.5 மி.மீ. அதன் நடுவில் பத்து மதிப்பெண் தரும் சின்ன வட்டத்தின் விட்டம் 11.5 மி.மீ., ஒரு சட்டைப் பொத்தான் அளவு. துப்பாக்கியின் மேல் முன்னும் பின்னும் குறிபார்க்க வைத்திருக்கும் பகுதிகள்தான் முன் சைட், பின் சைட். இப்போது அவை இரண்டும் ஒழுங்காக ஒரே கோட்டில் இருக்கின்றன, ஆனால் மொத்தத் துப்பாக்கியும் டார்கெட்டின் மேல் அரை சென்டிமீட்டர் இப்படியும் அப்படியும் நகர்கிறது என்று வையுங்கள். குண்டும் அதே அரை சென்டிமீட்டர்தான் விலகும். அப்போதும் அது பத்துதான்.

இதையே மாற்றிப் பாருங்கள். துப்பாக்கி சரியான இடத்தில் நிற்கிறது. ஆனால் டிரிகரை வெடுக்கென்று இழுத்ததில் முன் சைட் பின் சைட்டை விட்டு ஒரே ஒரு மில்லிமீட்டர் விலகிவிட்டது. இரண்டு சைட்டுக்கும் நடுவே சுமார் 33 செ.மீ. தூரம். டார்கெட் 10 மீட்டர் தள்ளி இருக்கிறது, அதாவது அதைப் போல் 30 மடங்கு. அந்த ஒரு மில்லிமீட்டர் அங்கே போய்ச் சேரும்போது 30 மில்லிமீட்டராகிவிடும். பத்தில் விழ வேண்டியது ஏழில் விழும். டார்கெட்டைப் பார்த்துக்கொண்டிருந்தால் இந்த ஒரு மில்லிமீட்டர் உங்கள் கண்ணில் படவே படாது.

அதனால்தான் கண் முன் சைட்டில் இருக்க வேண்டும் என்று எல்லாப் பயிற்சியாளர்களும் தொண்டை வற்றச் சொல்கிறோம். கண்ணால் ஒரே நேரத்தில் ஒரு தூரத்தைத்தான் கூர்மையாகப் பார்க்க முடியும். முன் சைட்டின் மேல் விளிம்பு கத்தி வெட்டினாற்போல் தெளிவாகத் தெரிய வேண்டும். அதன் இரு பக்கமும் பின் சைட்டின் இடைவெளியில் வரும் வெளிச்சம் சமமாக இருக்க வேண்டும். டார்கெட் ஒரு சாம்பல் நிற மங்கலாக இருந்தால் போதும். குறிவைப்பதும் கறுப்பின் நடுவில் இல்லை, அதற்குக் கீழே உள்ள வெள்ளைப் பகுதியில். கறுப்பு சைட் கறுப்பு வட்டத்தில் கலந்துவிட்டால் விளிம்பு தெரியாது. குண்டு நடுவில் விழும்படி சைட்டின் திருகைத் திருப்பி வைத்துக்கொள்ளலாம்.

எங்கள் ரேஞ்சுக்கு வரும் ஒருவர், நாற்பதுகளில் இருப்பவர், வலது கைக்காரர். அவருடைய குண்டுகள் எப்போதும் கீழே இடது பக்கம் கூட்டமாக விழும். சைட் சரியில்லை என்று அவர் திருகைத் திருப்பிக்கொண்டே இருந்தார். ஒரு நாள் அவருடைய பிஸ்டலை நான் வாங்கி, பெல்லட் (ஏர் பிஸ்டலின் சின்ன ஈயக் குண்டு) போடாமல், டிரை ஃபயருக்கு, அதாவது சுடாமல் டிரிகரை மட்டும் அழுத்திப் பழகும் முறைக்கு மாற்றிக் கையில் கொடுத்தேன். அவரிடம் சொல்லவில்லை. உயர்த்தினார், இறக்கினார், நின்றார். டிக். குண்டும் இல்லை, காற்றும் இல்லை. ஆனால் துப்பாக்கி முனை இடது கீழ்ப் பக்கமாகக் குத்தி எழுந்தது. அவரே அதைப் பார்த்துவிட்டார்.

“என்ன சார் ஆச்சு?” என்று கேட்டேன்.

“பத்து தெரிஞ்சுது சார். விட்டுடக் கூடாதுன்னு அழுத்திட்டேன்.”

தொடக்கக்காரர்களின் நோய் மொத்தமும் இந்தப் பதிலில் இருக்கிறது. ஆடிக்கொண்டிருக்கும் படம் ஒரு கணம் சரியாகத் தெரிகிறது. அந்தக் கணத்தைப் பிடிக்க விரல் பாய்கிறது. விரல் மட்டும் பாய்வதில்லை, கூடவே உள்ளங்கையும் மற்ற விரல்களும் சேர்ந்து இறுகுகின்றன. வலது கைக்காரருக்கு அது கீழே இடப்பக்கம் போகும். அதைச் சைட்டைத் திருப்பிச் சரிசெய்வது தப்பு, ஏனென்றால் என்றைக்காவது டிரிகரை நன்றாக அழுத்தினால் அந்த நல்ல குண்டு மேலே வலப்பக்கம் போய் விழும்.

சரி, எப்படித்தான் அழுத்துவது? போட்டி விதிப்படி ஏர் பிஸ்டலின் டிரிகர் எடை, அதாவது அதை அழுத்தத் தேவையான விசை, குறைந்தது 500 கிராம் இருக்க வேண்டும். பெரும்பாலான போட்டித் துப்பாக்கிகளில் டிரிகருக்கு இரண்டு கட்டம் உண்டு: முதலில் லேசாக நகர்ந்து ஓரிடத்தில் தடுத்து நிற்கும், அதற்கு மேல் அழுத்தினால்தான் சுடும். முதல் கட்டத்தைத் துப்பாக்கி குறிவைக்கும் பகுதிக்கு இறங்கி வரும்போதே எடுத்துவிடுங்கள். அதற்குப் பிறகு ஆட்டம் இருக்கும்போதே, முன் சைட்டைப் பார்த்தபடியே, ஆள்காட்டி விரலின் நுனிச் சதையால் நேர் பின்னோக்கி அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போங்கள். எப்போது சுடும் என்று நீங்கள் முடிவு செய்ய வேண்டாம். சுட்ட பிறகும் ஓரிரு நொடி கையை இறக்காமல் முன் சைட்டையே பாருங்கள். அந்தக் கடைசிப் படம் எப்படி இருந்தது என்று சொல்ல முடிந்தால், குண்டு எங்கே போயிருக்கும் என்று டார்கெட்டைப் பார்க்காமலே சொல்லிவிடலாம்.

இதற்கு நான் எல்லோருக்கும் கொடுக்கும் பயிற்சி, டார்கெட் அட்டையைத் திருப்பி மாட்டுவது. வெறும் வெள்ளை அட்டை. பத்தும் இல்லை, ஒன்பதும் இல்லை. நடுவில் தோராயமாகப் பார்த்துச் சுட வேண்டும். அடிக்க ஒன்றும் இல்லாததால் கண் தானாகவே முன் சைட்டுக்கு வந்துவிடும், விரலுக்கும் அவசரம் இருக்காது. வட்டம் வைத்துச் சுட்டதைவிட வெள்ளை அட்டையில் குண்டுகள் நெருக்கமாக விழுவதைப் பார்த்துப் பலர் திகைத்துப் போவார்கள். தொடக்கத்தில் ஸ்கோரை எழுதாதீர்கள். குண்டுகள் எவ்வளவு நெருக்கமாக விழுகின்றன என்று மட்டும் பாருங்கள். அது எந்த மூலையில் விழுந்தாலும் பரவாயில்லை.

இன்னொன்று, இதுதான் கற்றுக்கொடுக்க மிகக் கடினமானது: இறக்கி வைப்பது. துப்பாக்கியைக் குறிக்குக் கொண்டுவந்து நிறுத்தியதிலிருந்து ஆறு முதல் எட்டு நொடிக்குள் குண்டு போகவில்லை என்றால் இறக்கிவிடுங்கள். அதற்கு மேல் நின்றால் மூச்சு முட்டும், கை நடுங்கும், கண்ணும் களைத்துவிடும். மின்னணு டார்கெட் உள்ள போட்டியில் 60 குண்டுக்கு 75 நிமிடம் தருகிறார்கள். ஒரு குண்டுக்கு ஒரு நிமிடத்துக்கும் மேல். இரண்டு தரம் இறக்கி வைத்தாலும் நேரம் மிச்சமிருக்கும். அப்புறம் ஏன் கெட்டுப்போன ஒன்றை வலுக்கட்டாயமாகச் சுட்டுத் தள்ள வேண்டும்?

நிற்கும் முறையைப் பற்றிச் சுருக்கமாக. தோள் அகலத்துக்குக் கால், உடம்பு டார்கெட்டுக்குப் பக்கவாட்டில், சும்மா இருக்கும் கை பேன்ட் பாக்கெட்டில். கண்ணை மூடித் துப்பாக்கியை உயர்த்திவிட்டுத் திறந்து பாருங்கள். துப்பாக்கி டார்கெட்டை விட்டு விலகி நின்றால் கையை இழுத்துச் சரிசெய்யாதீர்கள், பின்னங்காலை நகர்த்துங்கள். இரண்டு கண்ணும் திறந்திருக்கட்டும். குறிபார்க்காத கண்ணை மறைக்கச் சின்னத் தடுப்பு போட்டுக்கொள்ளலாம். இடுக்கி மூடினால் முகத் தசை எல்லாம் இறுகும்.

நாற்பதைத் தாண்டியவர்கள் கண்ணைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். முன் சைட் கண்ணிலிருந்து ஏறக்குறைய ஒரு மீட்டரில் இருக்கிறது. வெள்ளெழுத்து வந்த கண்ணுக்கு அது மங்கும். அன்றாடம் போடும் புரோக்ரெஸ்ஸிவ் கண்ணாடி இதற்கு உதவாது, தலையை லேசாகச் சாய்த்தாலே லென்ஸின் பவர் மாறிவிடும். கண்ணிலிருந்து முன் சைட் வரை டேப் வைத்து அளந்துகொண்டு போய்க் கண் மருத்துவரிடம் சொல்லுங்கள். அளவு மட்டும் போதும், துப்பாக்கியைக் கிளினிக்குக்கு எடுத்துப் போக வேண்டாம்.

வீட்டில் டிரை ஃபயர் செய்வது ரேஞ்சில் நூறு குண்டு சுடுவதைவிடப் பலன் தரும். வெள்ளைச் சுவரைப் பார்த்து, நாளைக்குப் பதினைந்து இருபது நிமிடம் போதும். துப்பாக்கி ஒன்றரை கிலோ வரை இருக்கலாம், ஆர்வத்தில் மணிக்கணக்கில் தூக்கினால் தோளும் இடுப்பும் பிடித்துக்கொள்ளும். ஆனால் இதற்கு நிபந்தனைகள் உண்டு. துப்பாக்கியைத் திறந்து காலியாக இருப்பதைக் கண்ணால் பாருங்கள். பெல்லட் டப்பா வேறு அறையில் இருக்கட்டும். அப்போதும் துப்பாக்கி முனை மனிதர் இருக்கும் பக்கம் திரும்பக் கூடாது. போட்டித் துப்பாக்கியில் டிரை ஃபயருக்கென்றே வசதி உண்டு. ஸ்பிரிங் வைத்த மலிவான ஏர் பிஸ்டலில் அது கிடையாது. அதைப் பெல்லட் இல்லாமல் சுட்டால் உள்ளே பிஸ்டன் மோதிக் கெட்டுப்போகும்.

நம் நாட்டில் 4.5 மி.மீ. துளையும் 20 ஜூலுக்கு மிகாத ஆற்றலும் உள்ள ஏர் பிஸ்டலுக்கு 2016 ஆயுத விதிகளின்படி லைசென்ஸ் தேவையில்லை. தோட்டா போடும் துப்பாக்கிக்கு 1959 ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் கட்டாயம். லைசென்ஸ் வேண்டாம் என்றதும் இதைப் பொம்மை என்று நினைத்து மொட்டை மாடியில் பாட்டில் வைத்துச் சுடுபவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். அந்தச் சின்ன ஈயத் துண்டு நொடிக்கு 150 மீட்டர் வேகத்தில் போகிறது. கடினமான பொருளில் பட்டால் திரும்பி வரும். ஒரு கண் போக அது போதும். ரேஞ்சில் சுடும்போதும் கண்ணாடி போடுங்கள். சுடத் தயாராகும் வரை விரல் டிரிகருக்கு வெளியே இருக்கட்டும். ‘ஸ்டாப்’ என்று குரல் கேட்டால், பாதி அழுத்தியிருந்தாலும் நிறுத்துங்கள்.

பெல்லட் பெரும்பாலும் ஈயம். கை வசதிக்காக அதை உதட்டில் கவ்விக்கொள்ளும் பழக்கத்தைப் பெரியவர்களிடமே பார்க்கிறேன். ஈயம் உடம்பில் சேரும். சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் டீக்கும் வடைக்கும் போகாதீர்கள், குழந்தைகளைக் கட்டாயம் கழுவ வையுங்கள்.

போட்டிக்குப் போக நினைப்பவர்கள் ரத்த அழுத்த மாத்திரையை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். பீட்டா பிளாக்கர் வகை மருந்துகள் இதயத் துடிப்பைக் குறைத்து நடுக்கத்தை அடக்கும் என்பதால், துப்பாக்கி சுடுதலில் போட்டி நாளில் மட்டுமல்ல, எப்போதுமே தடை. அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். மருத்துவரிடம் பேசுங்கள். மாற்று மருந்து இருக்கிறது, அது ஒத்துவராதவர்கள் முறைப்படி விலக்குக் கேட்டு விண்ணப்பிக்கலாம்.

கடைசியாக, பழைய பிஸ்டல் வாங்குபவர்களுக்கு. கிரிப், பேரல் எல்லாம் பார்க்கிறீர்கள், காற்றுச் சிலிண்டரை யாரும் பார்ப்பதில்லை. 200 பார் அழுத்தத்தில் நிரப்பும் பொருள் அது. அதன் ஆயுள் பொதுவாகப் பத்து ஆண்டு. தயாரித்த தேதி சிலிண்டரிலேயே பொறித்திருக்கும். ஆயுள் தாண்டியிருந்தாலோ, தேதி அழிந்து படிக்க முடியாமல் இருந்தாலோ அதில் காற்று நிரப்பாதீர்கள். புதுச் சிலிண்டர் தனியாகவே கிடைக்கிறது, அதன் விலையைக் கழித்துக்கொண்டு பேரம் பேசுங்கள்.