குட்டு மாவு குக்கீயும் என் கடையின் குட்டும்

திருத்தணிக்குப் பக்கத்தில், ஆந்திராவில் இருக்கிற நகரியில் நான் பேக்கரி வைத்து 18 வருஷம் ஆகிறது. காலையில் தறிக்குப் போகிறவர்கள் பன்னும் டீயும் சாப்பிட்டுப் போவார்கள், சாயங்காலம் திருத்தணி பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் பஃப்ஸ் கேட்பார்கள். நம்ம கடை அவ்வளவுதான். போன வருஷம் ஒரு அம்மா தமிழும் தெலுங்குமாகக் கலந்து, "அண்ணா, பையனுக்குக் கோதுமையே ஆகாதுன்னு வேலூர்ல சொல்லிட்டாங்க, இந்த மாவுல சாக்லேட் போட்ட பிஸ்கட் செஞ்சு தர்றீங்களா?" என்று ஒரு பாக்கெட்டை நீட்டினார். பக்வீட் மாவு. பையனுக்கு 9 வயசு, சீலியாக் நோய், அதாவது கோதுமையில் இருக்கிற குளூட்டன் என்ற புரதம் குடலுக்கு ஆகாது.

பக்கத்தில் நின்ற ஒருவர் உடனே, "பேர்லயே வீட்டுன்னு இருக்கே, அதுவும் கோதுமைதானே?" என்று கேட்டார். நிறைய பேருக்கு இந்தக் குழப்பம் இருக்கிறது. பக்வீட் கோதுமையே இல்லை, புல் வகையே இல்லை. நம் பக்கத்தில் பப்பு வைக்கிறோமே சுக்கக்கூர, அந்தச் சுக்கான் கீரைக்குத்தான் சொந்தம். இமாசல், உத்தராகண்ட், லடாக் பக்கம் விளைகிறது. இந்தியில் குட்டு என்பார்கள், அங்கே நவராத்திரி விரதத்துக்கு இந்த மாவில்தான் பூரி சுடுகிறார்கள். இதில் குளூட்டன் கிடையாது.

சரி, மாவில் இல்லை, அதனால் குக்கீயிலும் இருக்காது என்று நானும் நினைத்துவிட்டேன். இரண்டு ஈடு பன்னுக்கு நடுவில் செய்து கொடுத்தேன். மூன்றாம் நாள் அந்த அம்மா வந்து, பையனுக்கு வயிறு உப்பிப் பேதியாகிறது என்றார். சத்தம் போடவில்லை, அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. மாவில் கலப்படம் என்று ஒரு நாள் முழுக்க மாவு விற்றவனைத் திட்டிக்கொண்டிருந்தேன். அப்புறம் கடைப் பையனைக் கூப்பிட்டு, அன்றைக்கு என்னென்ன செய்தாய் என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொன்னேன். ட்ரேயைத் துடைத்தானாம், வெண்ணெய் தடவினானாம், "ஒட்டாம இருக்க எப்பவும் போல லேசா மைதா தூவினேன் அண்ணா" என்றான். சொல்லும்போதே அவன் கை, காற்றில் மாவு தூவுகிற மாதிரி, விரலைத் தேய்த்துக்கொண்டே போனது. அவனைச் சொல்லிக் குற்றமில்லை, அந்தப் பழக்கத்தை ஏற்படுத்தியவனே நான்தான். குட்டு மாவால் என் கடைக் குட்டு வெளிப்பட்டது.

லேசாகத் தூவினால் என்ன ஆகும் என்பவர்களுக்கு ஒரு கணக்கு. குளூட்டன் இல்லை என்று லேபிள் ஒட்ட வேண்டுமானால் நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. விதிப்படி கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது. மைதாவில் பத்தில் ஒரு பங்கு குளூட்டன் என்று வைத்தால்கூட, 200 மில்லிகிராம் மைதா போதும், அந்த ஒரு கிலோ குக்கீ முழுக்க எல்லையைத் தொட்டுவிடும். கால் கிராம்கூட இல்லை, ஒரு சிட்டிகைக்குள் அடங்கிவிடும். என் கடையில் அவ்வளவு மைதா ஃபேன் இறக்கையிலேயே இருக்கும்! சல்லடை, தராசு, பீட்டர், நான் கை துடைக்கிற துணி, எல்லாவற்றிலும் இருக்கும். மாவு மில்லும் இப்படித்தான், முன்னால் வந்தவர் கோதுமை அரைத்திருந்தால் உங்கள் ராகியில் அது கொஞ்சம் ஏறித்தான் வரும். வீட்டில் பெருங்காய டப்பாவையும் ஒரு தடவை திருப்பிப் பாருங்கள், பல பெருங்காயத்தில் மைதாவோ கோதுமை மாவோ சேர்க்கிறார்கள்.

அதனால் அந்த அம்மாவிடம் கடைக் குக்கீ வேண்டாம், வீட்டிலேயே செய்யுங்கள் என்று சொல்லிக் கற்றுக் கொடுத்தேன். வெண்ணெய் 100 கிராம், நாட்டுச் சர்க்கரை 100 கிராம், இரண்டையும் நன்றாகக் குழைத்து ஒரு முட்டை. பிறகு 150 கிராம் பக்வீட் மாவு, அரை டீஸ்பூன் சமையல் சோடா, அரை டீஸ்பூன் உப்பு, கடைசியில் 120 கிராம் சாக்லேட் சிப்ஸ். மாவு சாம்பல் நிறத்தில் கறுப்புப் புள்ளியோடு இருக்கும், மண் வாசனை அடிக்கும், கெட்டுப்போனது என்று கொட்டிவிடாதீர்கள். கெட்டது என்றால் காறல் வாடை வரும். வடக்கே பழைய குட்டு மாவைச் சாப்பிட்டு ஆஸ்பத்திரியில் சேர்ந்ததாகப் பல நவராத்திரிக்குச் செய்தி வந்திருக்கிறது, நம் ஊர் வெயிலில் கேட்கவே வேண்டாம், ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

பிசைந்ததும் ஒரு மணி நேரமாவது ஃப்ரிட்ஜில் இருக்கட்டும், இந்த மாவு ஈரத்தை மெதுவாகத்தான் இழுக்கும், அவசரப்பட்டால் ட்ரேயில் தோசை மாதிரி பரவிவிடும். 20 உருண்டை வரும். 175 டிகிரியில் 10 முதல் 12 நிமிடம். வெளியே எடுத்ததும் கை வைக்காதீர்கள், குளூட்டன் இல்லாததால் சூட்டில் உடைந்துவிடும், பத்து நிமிடம் ட்ரேயிலேயே ஆறினால் தானாகக் கெட்டிப்படும். சிப்ஸ் பாக்கெட்டில் கோதுமை கலந்திருக்கலாம் என்று பொடி எழுத்தில் போட்டிருக்கிறதா என்று பாருங்கள், மலிவான காம்பவுண்ட் சிப்ஸில் கொக்கோ வெண்ணெய்க்குப் பதில் வேறு கொழுப்புதான் இருக்கும்.

சுகர் உள்ளவர்கள் சாப்பிடலாமா என்று தினமும் ஒருவராவது கேட்கிறார். ஒரு குக்கீயில் சிப்ஸோடு சேர்த்தால் கிட்டத்தட்ட இரண்டு டீஸ்பூன் சர்க்கரை வருகிறது, நீங்களே முடிவு செய்யுங்கள். பக்வீட்டே ஒத்துக்கொள்ளாதவர்களும் உண்டு, ஜப்பானில் அலர்ஜி தரும் பொருளாக அதை லேபிளில் போட்டே ஆக வேண்டும். முதல் தடவை ஒரு துண்டு கொடுத்துப் பாருங்கள். இன்னொன்று, வயிறு சரியில்லை என்று நீங்களாகவே கோதுமையை நிறுத்திவிட்டு அப்புறம் ரத்தப் பரிசோதனைக்குப் போகாதீர்கள், இருக்கிற நோய் தெரியாமல் போகலாம். முதலில் டாக்டர், பிறகுதான் குட்டு மாவு.

போன மாதம் அந்தப் பையனே டப்பாவோடு வந்து எனக்கு ஒன்று எடுத்துக் கொடுத்தான். ஓரம் கொஞ்சம் கருகியிருந்தது. ஓவன் சூடாவதற்கு முன்னால் வைத்தீர்களா என்று அம்மாவைக் கேட்டேன், ஆமாம் என்றார். கடைக்குள் வரவில்லை, இரண்டு பேரும் படியிலேயே நின்றார்கள்.