பதினாலு முடிந்துவிட்டால் எந்த வேலைக்கும் வைக்கலாமா?

“பையனுக்குப் பதினாலு முடிஞ்சு ரெண்டு வருஷம் ஆச்சு. சட்டப்படி வேலைக்கு வைக்கலாம்மா, பயப்படாதீங்க.” உலோகச் சாமான்களுக்கு முலாம் பூசும் ஒரு பிளேட்டிங் பட்டறையின் சூப்பர்வைசர், வேலை கேட்டு வந்த ஒரு தாயிடம் சொன்னது இது. பையனுக்குக் குரோம் தொட்டியில் சாமான்களை முக்கி எடுக்கும் வேலை. அவன் கையை நான் பார்த்தபோது விரல் மூட்டுகளில் மிளகு அளவுக்கு வட்டமான குழிகள் இருந்தன. பெரிதாக வலிக்கவில்லை என்றான், ஆனால் ஆறவும் இல்லை. குரோமிய அமிலம் தோலை அரித்து உண்டாக்கும் புண் அது. வீட்டில் சேற்றுப்புண் என்று நினைத்து மஞ்சள் பூசிக்கொண்டிருந்தார்கள்.

சூப்பர்வைசர் சொன்னது பாதி உண்மை. மீதிப் பாதியைச் சொல்லாததால்தான் பிள்ளைகள் கையும் நுரையீரலும் கெட்டு வீடு திரும்புகிறார்கள்.

குழந்தைத் தொழிலாளர் பற்றிய 1986ஆம் ஆண்டுச் சட்டம் 2016இல் திருத்தப்பட்டது. இப்போது அதன் பெயர் குழந்தை மற்றும் வளரிளம் பருவத் தொழிலாளர் சட்டம். 14 வயது முடியாதவர் குழந்தை. 14 முடிந்து 18 முடியாதவர் வளரிளம் பருவத்தினர். இந்த இரண்டாம் பிரிவினரை அபாயமான வேலையில் வைக்கக் கூடாது என்று 3ஏ பிரிவு சொல்கிறது. அபாயமான வேலைகளின் பட்டியல் 2017இல் புதிதாக வந்தது. பட்டாசு, வெடிமருந்து, சுரங்கம், தோல் பதனிடுதல், வார்ப்படம், எலக்ட்ரோ பிளேட்டிங், உலோகம் கிரைண்டிங், கண்ணாடி, பெயின்ட், சிமென்ட், பேட்டரி, உப்பளம், பீடி எல்லாம் அதில் இருக்கின்றன. சிவகாசி, ஆம்பூர், கோயம்புத்தூர், தூத்துக்குடி, தென்காசி பக்கம் இருப்பவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

இந்த வேலைகளுக்கு 18 முடிந்திருக்க வேண்டும். பெற்றோர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாலும் இது மாறாது. டாக்டர் உடல்தகுதிச் சான்று கொடுத்திருந்தாலும் மாறாது. “அப்ரண்டிஸ் தாங்க, தொழிலாளி இல்லை” என்பார்கள். அபாயமான தொழில்களில் அப்ரண்டிஸ் ஆவதற்கும் வயது 18தான். “எங்க ஆள் இல்லை, காண்ட்ராக்டர் ஆள்” என்பார்கள். வேலைக்கு வைப்பவர் மட்டுமல்ல, வேலை செய்ய அனுமதிப்பவரும் குற்றவாளி என்றுதான் சட்டத்தில் எழுதியிருக்கிறது.

நூற்பாலையில் வேறொரு சிக்கல். நூற்பாலை என்ற பெயர் அந்தப் பட்டியலில் நேராக வராது. அதை வைத்துக்கொண்டே ஹாஸ்டலோடு சேர்த்துப் பெண்பிள்ளைகளை எடுக்கிறார்கள். ஆனால் பட்டியலில் இல்லாத வேலைக்கும் நேரக் கட்டுப்பாடு உண்டு. மூன்று மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கக் கூடாது, அதற்குள் ஒரு மணி நேர ஓய்வு தர வேண்டும். ஓய்வையும் வேலைக்காகக் காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்து ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம்தான். இரவு 7 முதல் காலை 8 வரை வேலை இல்லை, ஓவர்டைம் அறவே இல்லை. எட்டு மணி நேர ஷிஃப்ட் ஓடும் மில்லில் பதினாறு வயதுப் பெண் இருந்தால் இந்த விதி அங்கே மீறப்படுகிறது. நைட் ஷிஃப்ட் என்றால் பேச்சே இல்லை.

சரி, புகார் கொடுக்கப் போகிறீர்கள். மனுவில் எழுதும் சொல்லிலேயே பலர் மாட்டிக்கொள்கிறார்கள். மேலே சொன்ன தாய்க்கு யாரோ எழுதிக் கொடுத்த முதல் மனுவில் “குழந்தைத் தொழிலாளராக வைத்திருக்கிறார்கள்” என்று இருந்தது. ஒன்றரை மாதம் கழித்து வந்த பதில் இரண்டே வரி. பையன் பதினான்கு வயது பூர்த்தியடைந்தவர் என்பதால் குழந்தைத் தொழிலாளர் அல்லர், மனு முடித்துவைக்கப்பட்டது. அந்தப் பதிலை எழுதியவருக்கு 3ஏ பிரிவு தெரியாமல் இருக்க வாய்ப்பில்லை. கோப்பை மூட அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது, அவ்வளவுதான்.

அதனால் “18 வயது முடியாத வளரிளம் பருவத்தினரை அபாயமான தொழிலில் வைத்திருப்பது, 3ஏ பிரிவு மீறல்” என்றே எழுதுங்கள். அவன் என்ன வேலை செய்கிறான், எந்தத் தொட்டி, எந்த மெஷின், எந்தக் கெமிக்கல் என்று விவரமாக எழுதுங்கள். வேலை நேரத்தை மட்டும் குறிப்பிட்டு விட்டுவிட்டால் அது சின்னக் குற்றமாகிவிடும். அதற்கு அதிகபட்சம் ஒரு மாதச் சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். முதல் தடவையாக இருந்தால் கலெக்டரிடம் பணம் கட்டி முடித்துக்கொள்ளவும் வழி உண்டு. அபாயமான வேலை என்றால் ஆறு மாதம் முதல் இரண்டு வருடம் வரை சிறை, அல்லது 20,000 முதல் 50,000 வரை அபராதம், அல்லது இரண்டும். அதைப் பணம் கட்டி முடித்துக்கொள்ள முடியாது.

அடுத்தது வயதுச் சான்று. இதைக் கையில் வைத்துக்கொள்ளாமல் எந்த அலுவலகப் படியும் ஏறாதீர்கள். புரோக்கர் கூட்டிப்போன பிள்ளைகள் பலருடைய ஆதாரில் பிறந்த தேதி ஜனவரி 1 என்று இருக்கும், வருடமும் இரண்டு மூன்று முன்னால் போயிருக்கும். ஆய்வு வரும் நாளில் “பத்தொன்பது” என்று சொல்லச் சொல்லிப் பழக்கியும் வைத்திருப்பார்கள். மீட்கப்பட்ட பிள்ளைகளை விசாரிக்கும் குழந்தைகள் நலக் குழு முன்னால் வயதில் சந்தேகம் வந்தால், பள்ளிச் சான்று அல்லது பத்தாம் வகுப்புச் சான்றைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அது இல்லையென்றால் உள்ளாட்சி கொடுத்த பிறப்புச் சான்று. இரண்டுமே இல்லாதபோதுதான் எலும்புப் பரிசோதனை. சிறார் நீதிச் சட்டத்தின் 94ஆம் பிரிவில் இந்த வரிசை இருக்கிறது. ஆதார் பிறந்த தேதிக்குச் சான்றாகாது என்று 2024இல் ஒரு விபத்து இழப்பீட்டு வழக்கில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. டி.சி. வாங்காமல் நின்ற பிள்ளையாக இருந்தால், படித்த பள்ளிக்கே போய்ச் சேர்க்கைப் பதிவேட்டில் உள்ள தேதியை எழுதிக் கேளுங்கள். ஒரிஜினலை யாரிடமும் கொடுக்காதீர்கள், “நாளைக்குத் தர்றோம்” என்று ஆலையிலிருந்து கேட்டால் கண்டிப்பாகக் கொடுக்காதீர்கள்.

அப்புறம் அலைச்சல். தொழிலாளர் துறைக்குப் போனால் “ஃபேக்டரியா? அது எங்ககிட்ட வராது” என்பார்கள். தொழிலகப் பாதுகாப்பு அலுவலகத்துக்கு, அதாவது எல்லோரும் ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் ஆபீஸ் என்று சொல்லும் இடத்துக்குப் போனால் “சின்னப் பசங்க விஷயமா? லேபர் ஆபீஸ் போங்க” என்பார்கள். அந்த அம்மா மஞ்சள் பையில் காகிதத்தை வைத்துக்கொண்டு இந்த இரண்டு இடத்துக்கும் நான்கு முறை போய்வந்தார். ஒவ்வொரு முறையும் ஒரு நாள் கூலி போனது.

சுற்ற வேண்டாம். ஒரே மனுவைக் கலெக்டர் பெயருக்கு எழுதி, இரண்டு அலுவலகத்துக்கும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கும் நகல் என்று போட்டு, திங்கள்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுத்து ரசீது எண் வாங்குங்கள். பிள்ளை இப்போதும் உள்ளே வேலையில் இருந்தால் மனுவுக்குக் காத்திருக்காமல் குழந்தைகள் உதவி எண் 1098க்குப் போன் செய்யுங்கள். எந்த ஷிஃப்ட், வேன் எத்தனை மணிக்கு வருகிறது, பின் கேட் எங்கே இருக்கிறது என்பதைச் சொல்லுங்கள். இது தெரியாமல் போகிற குழு முன்வாசலில் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருக்கும்போதே பிள்ளைகளைப் பின்வழியாக அனுப்பிவிடுவார்கள். போலீஸ் “இதெல்லாம் லேபர் கேஸ்” என்றால் நம்பாதீர்கள். இது போலீஸ் நேரடியாக வழக்குப் பதியக்கூடிய குற்றம். புகார் வந்ததைப் பதிந்து ஸ்டேஷனில் தரும் சி.எஸ்.ஆர். ரசீதையாவது வாங்காமல் நகராதீர்கள். பிறகும் எஃப்.ஐ.ஆர். போடவில்லையென்றால் எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் எழுதுங்கள். எந்தத் தனிமனிதரும் நேரே நீதிமன்றத்தில் புகார் கொடுக்கலாம் என்று இந்தச் சட்டத்தின் 16ஆம் பிரிவும் சொல்கிறது.

அடிபட்டிருந்தால் முதலில் ஆஸ்பத்திரி. கூட வரும் மேஸ்திரி “பைக்ல விழுந்தான்னு சொல்லுங்க, செலவை முதலாளி பார்த்துக்குவார்” என்பார். சொல்லிவிடாதீர்கள். வாசலில் எழுதும் விபத்துப் பதிவேட்டில், எந்த இடத்தில் எந்த மெஷினில் அடிபட்டது என்று இருக்க வேண்டும். அந்தப் பதிவின் நகலை ஏ.ஆர். காப்பி என்று கேட்டு வாங்குங்கள். ஆறு மாதம் கழித்து இழப்பீடு கேட்கும்போது எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் தூக்கிக் காட்டுவது அந்த ஒரு வரியைத்தான். வயது குறைந்த பிள்ளையைச் சட்டவிரோதமாக வைத்திருந்ததால் இழப்பீடு கிடையாது என்று யாராவது சொன்னால் அது பொய். வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட்டு, கையில் கொடுக்கும் செட்டில்மென்ட் பணத்தை வாங்கிவிடாதீர்கள்.

பெற்றோர் பலர் வாய் திறக்காததற்கு இரண்டு பயங்கள் காரணம். முதல் பயம், தங்களையும் பிடித்துப் போடுவார்களோ என்பது. முதல் தடவைக்குப் பெற்றோருக்குத் தண்டனை இல்லை என்று சட்டமே சொல்கிறது. இரண்டாவது, வாங்கிய அட்வான்ஸ். முன்பணத்துக்காகப் பிள்ளையைப் பிடித்து வைத்திருந்தால் அது கொத்தடிமை. அந்தக் கடன் செல்லாது. அதையும் மனுவில் எழுதுங்கள், வாங்கிய தொகையோடு. கொத்தடிமையிலிருந்து விடுவிக்கப்பட்டதற்கான விடுதலைச் சான்றிதழையும் கோட்டாட்சியரிடம் கேளுங்கள்.

“கேஸ் போட்டா பதினஞ்சாயிரம் வரும்” என்று ஊரில் பேச்சு இருக்கிறது. பணம் உண்டு, ஆனால் உடனே வராது. முதலாளி கட்டும் அபராதம் மறுவாழ்வு நிதிக்குப் போன பிறகுதான் அரசு தன் பங்காக ஒரு பிள்ளைக்கு 15,000 ரூபாய் சேர்க்கும். அதாவது வழக்கு நடந்து தண்டனை வர வேண்டும். அதை நம்பி வட்டிக்கு வாங்காதீர்கள். பிள்ளையை மீட்டதோடு கோப்பு தூங்கிவிடுவதும் சகஜம். அதனால் “நடவடிக்கை எடுக்கப்பட்டுள்ளது” என்ற பதிலோடு திரும்பாமல், எந்த நீதிமன்றத்தில் என்ன வழக்கு எண் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஈ-கோர்ட்ஸ் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் அடுத்த வாய்தா தேதி வரும். எண் இல்லை என்றால் இன்னும் வழக்கே போடவில்லை என்று அர்த்தம். மறுபடி திங்கள்கிழமை, அதே ரசீது எண்ணோடு போங்கள்.