சேரின் கண் எந்த வாங்கில் நிற்கிறது?

களுவாஞ்சிக்குடியிலோ கொக்கட்டிச்சோலையிலோ தரம் 9 வகுப்பொன்றை எடுத்துக்கொள்வோம். 40 பிள்ளைகள், 40 நிமிடப் பாடவேளை. சமமாகப் பங்கிட்டால் தலைக்கு ஒரு நிமிடம். வரவு பதிந்து கரும்பலகையில் எழுதினால் அதுவும் மிஞ்சாது. ஆனால் எவரும் சமமாகப் பங்கிடுவதில்லை, நல்ல ஆசிரியர்களும்தான்.

ஒரு காரணம் கண். விழித்திரையில் கூர்மையாகப் பார்க்கும் பகுதி மிகச் சிறியது. நீட்டிய கையின் பெருவிரல் நகம் மறைக்கிற அளவு இடம்தான் ஒரு நேரத்தில் துல்லியமாகத் தெரியும். அதனால் பார்வை முகத்துக்கு முகம் தாவ வேண்டியிருக்கிறது. கரும்பலகையடியில் நிற்பவருக்கு அந்தத் தாவல் பெரும்பாலும் முன் வாங்குகளையும் நடுவரிசையையும் சுற்றியே நடக்கும். ஆடம்ஸ், பிடில் என்ற ஆய்வாளர்கள் 1970இல் எழுதியதும் இதைத்தான்: கேள்வி பதில் பெரும்பாலும் அந்தப் பகுதிக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. படிக்கிற பிள்ளைகள் தாமாகவே முன்னுக்கு வந்து இருப்பதும் இதில் சேர்த்தி.

கண்ணைவிட எனக்கு முக்கியமாகப் படுவது மௌனம். கேள்வி கேட்டபின் ஆசிரியர் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்? அமெரிக்காவில் மேரி பட் ரோ என்பவர் அறிவியல் வகுப்புகளை ஒலிப்பதிவு செய்து அளந்தார். சராசரி ஒரு நொடி! அதிலும் கெட்டிக்காரர் என்று ஆசிரியர் கருதியவர்களுக்கு ஏறத்தாழ 2 நொடி, மெதுவானவர்கள் என்று கருதியவர்களுக்கு ஒரு நொடிக்கும் குறைவு. யோசிக்க நேரம் தேவைப்படுகிறவருக்குத்தான் நேரம் குறைவாகக் கிடைக்கிறது.

இது வன்மம் இல்லை, பெரும்பாலும் இரக்கம். கெட்டிக்காரி எப்படியும் சொல்வாள் என்று காத்திருக்கிறோம். மற்றப் பிள்ளை எல்லோர் முன்னாலும் வெட்கப்படக்கூடாதே என்று கேள்வியை அடுத்தவரிடம் தள்ளிவிடுகிறோம். அந்தப் பிள்ளையோ, குனிந்து கொப்பியைப் பார்த்தால் கேள்வி தாண்டிப் போய்விடும் என்று பழகிக்கொள்கிறது. புலமைப்பரிசில் வகுப்புகளில் இன்னொரு வடிகட்டல்: வெட்டுப்புள்ளிக்குக் கிட்ட நிற்கும் பிள்ளைகள் பக்கமே கவனம் சாயும். அதற்கு ஆசிரியரை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை.

காத்திருப்பை 3 நொடிக்கு நீட்டியபோது பதில்கள் நீண்டன, பேசாதிருந்தவர்கள் கூடப் பேசினார்கள் என்பது ரோவின் முடிவு. நேரம் போதாது என்பீர்கள். சரி, கணக்குப் பார்ப்போம்: 30 கேள்விக்கு 2 நொடி வீதம் கூட்டினால் ஒரு நிமிடம்.

அப்புறம், பெயரைக் கடைசியில் சொல்லுங்கள். "கஜன், ஒளித்தொகுப்புக்கு என்ன தேவை?" என்றால் மற்ற 39 பேருக்கும் அது ஓய்வு. கேள்வியைக் கேட்டு, மூன்று நொடி விட்டு, பிறகு "கஜன்" என்றால் அதுவரை எல்லோரும் யோசித்தாக வேண்டும்.