கடிவாளத்தின் மறுமுனையில் ஒரு வாய்

குதிரையேற்றம் கற்க வருகிறவர்களை முதல் நாள் நான் குதிரைமேல் ஏற்றுவதில்லை. கடிவாளத்தைக் கழற்றிக் கொண்டுவந்து, "கண்ணை மூடிக்கிட்டு இந்த இரும்பை ரெண்டு கையாலயும் லேசாப் பிடிங்க" என்பேன். வாரின் மறுமுனை என் கையில் இருக்கும். முதலில் மோதிர விரலை மட்டும் மெல்ல மூடுவேன். "ஏதோ அசையுது மாஸ்டர்" என்பார்கள். அப்புறம், புதிதாக ஏறியவர் தடுமாறும்போது வாரை இழுப்பாரே, அதில் பாதி வேகத்தில் ஓர் இழுப்பு. சட்டென்று கண்ணைத் திறந்துவிடுவார்கள். அவர்களுக்கு அது உள்ளங்கையில் பட்டது. குதிரைக்கு வாய்க்குள் படுகிறது.

குதிரையின் முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே பல் இல்லாத ஓர் இடைவெளி உண்டு. பிட் என்று நாங்கள் சொல்லும் இரும்பு அங்கேதான், நாக்கின் மேலும் ஈறின் மேலும் உட்காருகிறது. ஈறு மெல்லிசு. அதற்கு அடியிலேயே தாடை எலும்பு. ஓர் ஈ வந்து உட்கார்ந்தாலே அந்த இடத்துத் தோலைச் சிலிர்த்து விரட்டுகிற விலங்குக்கு அங்கே எப்படி வலிக்கும் என்று யோசியுங்கள். வலித்தால் தலையைத் தூக்கும், உதறும், வாயைப் பிளக்கும், பயந்து ஓடவும் ஓடும். உடனே "முரட்டுக் குதிரை" என்று பெயர் வைத்துவிடுகிறோம்.

பெயர் வைத்தபின் நடப்பதுதான் கொடுமை. வாயைத் திறக்க முடியாதபடி மூக்குவாரை இறுக்குகிறார்கள். மூக்கெலும்புக்கும் வாருக்கும் நடுவே இரண்டு விரல் தாராளமாக நுழைய வேண்டும் என்பது பழைய கணக்கு. அதுவும் போதாதென்று முள் வைத்த பிட்டுக்குப் போகிறார்கள். முள்ளோ முண்டோ உள்ள பிட்டை வண்டி, சவாரி விலங்குகளுக்குப் போடுவதை 1965ஆம் ஆண்டின் மத்திய விதிகளே தடை செய்திருக்கின்றன. கல்யாண ஊர்வலக் குதிரைகளின் வாயில் இன்றும் அதைப் பார்க்கிறேன். (பல்லையும் பார்க்க வேண்டும். கடைவாய்ப் பற்கள் கூராக வளர்ந்து கன்னத்தைக் குத்தினாலும் குதிரை தலையை உதறும். வருடத்துக்கு ஒருமுறையாவது கால்நடை மருத்துவரிடம் காட்டி, தேவைப்பட்டால் ராவிவிட வேண்டும்.)

சரி, கை ஏன் முரடாகிறது? பெரும்பாலும் குற்றம் கையில் இல்லை, இடுப்பில். உட்காரும் நிதானம் இல்லாதவர், விழாமல் இருக்க எதையாவது பிடித்தாக வேண்டும். கையில் இருப்பது வார்தான். அதனால்தான் வியன்னாவின் ஸ்பானிஷ் ரைடிங் ஸ்கூலில் புதிய மாணவர்கள் மாதக்கணக்கில் லாஞ்ச் கயிற்றில் (பயிற்சியாளர் நடுவில் நின்று, குதிரையைத் தன்னைச் சுற்றி ஓட விடும் நீளக் கயிறு), கடிவாளமும் அங்கவடியும் இல்லாமல் உட்காரக் கற்கிறார்கள். அத்தனை மாதம் நம்மால் முடியாது. ஆனால் குதிரையின் கழுத்தில் ஒரு பட்டையைக் கட்டி, "தடுமாறினா இதைப் பிடி, வாரைத் தொடாதே" என்று சொல்ல எல்லோராலும் முடியும்.

இடுப்பு நிலைத்தபின் கைக்கு வேலை வருகிறது. நடையில் குதிரையின் தலை அடிக்கு அடி முன்னும் பின்னும் ஆடும். கை கூடவே போய்வர வேண்டும். ட்ராட் என்கிற துள்ளோட்டத்தில் தலை நிலையாக இருக்கும், ஆடுவது நாம்; அதன் தாளத்துக்குச் சேணத்திலிருந்து எழுந்து எழுந்து உட்காருவோம். எழும்போது முழங்கை விரிந்து, உட்காரும்போது மடங்கினால்தான் கை ஒரே இடத்தில் நிற்கும். பாதிப் பேர் தவறுவது இங்கேதான். தாங்கள் எழும்போது கையையும் தூக்கிவிடுகிறார்கள்.

பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் எங்கள் வயதான பெண் குதிரையை இப்படித்தான் இழுத்துக்கொண்டிருந்தான். வாரை பிட் வளையத்திலிருந்து அவிழ்த்து, இடையில் வெள்ளைத் தையல் நூலைக் கட்டினேன். குதிரை லாஞ்ச் கயிற்றில் என் கையில் இருந்தது, அதனால் ஆபத்து இல்லை. முதல் நாள் நூல் நான்கு முறை அறுந்தது. ஒவ்வொரு முறையும் அவனே இறங்கிக் கட்டினான். இரண்டாவது வாரம் ஒரு நாள் அறவே அறுக்காமல் ஓட்டி, நிறுத்தினான். நின்ற நொடியில் அவன் விரல்கள் தளர்ந்ததைப் பார்த்தேன். நான் காத்திருந்தது அதற்குத்தான். அழுத்தம் விலகுகிற நொடியில்தான் குதிரை பாடம் கற்கிறது. இரண்டு விநாடி தாமதித்தால் அதற்குள் அது வேறு எதையாவது செய்திருக்கும், அதையே சரி என்று எடுத்துக்கொள்ளும். "மாஸ்டர், அவ காதைப் பாருங்க" என்றான். ஒரு காது அவன் பக்கம் திரும்பியிருந்தது. வாய் மெதுவாக பிட்டை மென்றுகொண்டிருந்தது.

"எப்போ சார் வேகமா ஓட விடுவீங்க?" என்று கேட்கும் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். எந்தப் பள்ளியானாலும் பணம் கட்டுமுன் அங்குள்ள குதிரைகளின் வாயோரத்தைப் பாருங்கள். வெடிப்போ வெள்ளைத் தழும்போ இருந்தால் காரணம் கேளுங்கள். உங்கள் பிள்ளைக்கு முதல் நாளே வாரைக் கொடுத்து ட்ராட் ஓட விட்டால், வேறு இடம் தேடுங்கள்.