கண்டலைச் சதுப்பில் தள்ளாதீர்கள்

உலகக் கண்டல் காடு (மாங்குரோவ்) நாளான ஜூலை 26 அன்று கடலோர ஊர்ப் பள்ளி ஒன்றில் ஒரு விழாவுக்குப் போயிருந்தேன். பிள்ளைகளுக்கு ஒரு கையேடு கொடுத்தார்கள். அட்டையில் பெரிய எழுத்தில் 'சதுப்புநிலக் காடுகளைக் காப்போம்'. முன்வரிசையில் இருந்த ஒரு சிறுமி படத்தை விரலால் தொட்டுக் கேட்டாள்: "சார், இது எங்க ஊரு சுரபுன்னைதானே? இதுக்கு ஏன் வேற பேரு போட்டிருக்கு?" இந்தச் 'சதுப்புநிலக் காடு' என்ற தொடரை நான் எத்தனையோ கையேடுகளிலும் செய்திகளிலும் பார்த்துச் சகித்திருக்கிறேன். அந்தக் கேள்விக்குப் பிறகு சகிக்க முடியவில்லை.

சதுப்புநிலக் காடு என்று மொழிபெயர்க்கப்படும் மாங்குரோவ் என்ற சொல்லின் வரலாறு சிறியது. கரீபியக் கடற்கரைப் பழங்குடிகளின் பேச்சிலிருந்து வந்ததாகக் கருதப்படும் சொல், ஸ்பானியர் வாயில் மாங்லே, போர்த்துகீசியர் வாயில் மாங்கே. ஆங்கிலேயர் அதன் வாலைத் தோப்பு என்று பொருள்படும் 'குரோவ்' ஆக்கிக்கொண்டார்கள். ஓதத்தால், அதாவது கடலின் ஏற்ற வற்றத்தால், ஏறி இறங்கும் உவர்நீரில் வளரும் மரங்களுக்கும் அவை சேர்ந்த காட்டுக்கும் அது பெயர். இதில் சதுப்பு எங்கே இருக்கிறது?

சதுப்பு என்றால் நீர் ஊறித் தேங்கி நிற்கும் சேற்றுநிலம். பள்ளிக்கரணை சதுப்புநிலம், அங்கே இருப்பது கோரையும் நாணலும். உண்மையான சதுப்புக் காடு பார்க்க வேண்டுமானால் கேரளத்தின் குளத்துப்புழைப் பக்கம் போக வேண்டும். சாதிக்காய்க் குடும்பத்து மரங்கள் நன்னீர்ச் சேற்றில் முழங்கால் மடக்கியது போன்ற வேர்களோடு நிற்கின்றன. கடலுக்கும் அந்தக் காட்டுக்கும் தொடர்பே இல்லை. சிதம்பரம் அருகே இருக்கும் பிச்சாவரம் மாங்குரோவ் காட்டுக்குச் சதுப்புநிலக் காடு என்ற பெயரைக் கொடுத்துவிட்டால் குளத்துப்புழைக்கு என்ன பெயர் வைப்பது? இரண்டையும் ஒரே பெயரில் படித்த மாணவன் இரண்டையும் ஒன்றென்றுதானே நினைப்பான்?

பெயர்க்குழப்பம் மட்டும் என்றால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். இந்தப் பெயர் காட்டின் உயிர் எதில் இருக்கிறது என்பதையே தலைகீழாக்கிவிடுகிறது. பிச்சாவரத்தில் ஒரு காலத்தில் காட்டை வகுதி வகுதியாகப் பிரித்து மொட்டையாக வெட்டினார்கள். வெயில் பட்ட மண் காய்ந்து தாழ்ந்தது. தாழ்ந்த இடத்தில் புகுந்த ஓதநீர் திரும்பிப் போக வழியில்லாமல் தேங்கியது. தேங்கிய நீர் ஆவியாக ஆக உப்பு ஏறியது. புதிய கன்று எதுவும் பிழைக்கவில்லை. 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்மக்களோடு சேர்ந்து செய்த வேலை என்ன? மீன்முள் வடிவில் கால்வாய் வெட்டி, தேங்கிய நீரை நடமாட விட்டார்கள். நீர் ஏறவும் வற்றவும் தொடங்கிய பிறகுதான் நட்ட கன்றுகள் நிலைத்தன. அதாவது, சதுப்பாகத் தேங்கியதால் செத்த காடு அது. அதற்கே சதுப்புநிலக் காடு என்று பெயர் வைத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறோம். கால்வாய் எதற்கு என்று அந்தப் பிள்ளைக்கு எப்படிப் புரியும்?

'அலையாத்திக் காடு' இதைவிடப் பல மடங்கு நல்ல சொல். அலையை ஆற்றுவது அலையாற்றி; பேச்சில் அலையாத்தி. காதுக்கும் இனிமை. முத்துப்பேட்டைக் காட்டை அந்தப் பெயரில் சொல்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை. ஆனாலும் இரண்டு குறை. ஒன்று, சோழர் சூடிய ஆத்தி மரத்தின் நினைவு வந்து குழப்புகிறது. இன்னொன்று, மனிதனுக்குக் கிடைக்கும் ஒரு பயனை மட்டும் பெயராக்குகிறது. இறாலும் நண்டும் குஞ்சு வளர்க்கும் இடம் அது என்பது அந்தப் பெயரில் இல்லை.

கண்டல் நம்மிடம் பழமையாகவே இருக்கும் சொல். நற்றிணையின் நெய்தல் பாட்டில் 'கண்டல் வேலி' வருகிறது: உப்பங்கழிக்கரை ஊருக்குக் கண்டலே வேலி. நிகண்டுகள் கண்டலுக்குத் தாழை என்றும் பொருள் சொல்வதைக் காட்டிச் சிலர் மறுப்பார்கள். தாழைக்குத் தாழை என்ற பெயர் உயிரோடு இருக்கும்போது அந்தக் குழப்பம் இன்று யாருக்கும் வராது. வெண்கண்டல், கருங்கண்டல் என்று மரப்பெயர்களும் தாமாகவே அமைந்துவிடுகின்றன. இலங்கைத் தமிழர் கண்டல் காடு என்றே எழுதுகிறார்கள். மலையாளத்தில் கண்டல்காடு. கண்ணூர்ச் சேற்றில் 1989இல் கன்று நடத் தொடங்கி, பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடமும் சொன்ன பொக்குடனை ஊர் 'கண்டல் பொக்குடன்' என்றே அழைத்தது. மராத்தியில்கூடக் காந்தள்வன், மகாராஷ்டிர வனத்துறையின் தனிப்பிரிவுக்கே அந்தப் பெயர்தான். மேற்குக் கரையில் புழங்கும் சொல்லை, அதைப் பாட்டில் வைத்திருக்கும் நாம் விட்டுவிட்டோம்.

திட்டக் கையேடுகளை மொழிபெயர்ப்பவர்களிடம் எனக்கு இருக்கும் குறை இந்த ஒரு சொல்லோடு நிற்கவில்லை. ஓதம் என்ற சொல் இருக்க 'கடல்மட்ட ஏற்ற இறக்க நிகழ்வு' என்கிறார்கள். ஊர்க்கூட்டம் 'சமூக அடிப்படையிலான பங்கேற்பு மேலாண்மை' ஆகிவிடுகிறது. பிச்சாவரத்தில் இடுப்பளவு நீரில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்ணுக்கு அந்தக் காட்டின் ஒவ்வொரு ஓடையும் தெரியும். அவளுக்காக அச்சிட்ட தாளில் அவளுக்குத் தெரிந்த ஒரு சொல்கூட இல்லை. சொல் தேடி அகராதிக்குப் போகும் முன் அவளிடம் கேட்டிருக்கலாமே!

அந்தப் பள்ளிக் கையேட்டைத் தயாரித்தவர்களுக்கு எழுதியிருக்கிறேன். அட்டையில் கண்டல் காடு என்று போடுங்கள். உள்ளே சுரபுன்னை, வெண்கண்டல், தில்லை என்று மரங்களை அவற்றின் பெயரால் சொல்லுங்கள். சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் தந்த மரம் இன்று பிச்சாவரத்துக் கழியோரம் நிற்கிறது என்பதையும் ஒரு வரி சேருங்கள். அச்சுக்கு அனுப்பும் முன் அந்தச் சிறுமியின் ஊரில் ஒரு முறை உரக்கப் படித்துக் காட்டுங்கள்.